இதமான ஊரை எப்படி அளப்பது?

சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில், அமைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே உள்ளது. ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் நண்பகல் சூரியன் இரு நகரங்களின் வானத்திலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. அப்படியிருந்தும், பணி ஓய்வுக்குப் பின் எங்கே குடியேறுவது என்ற பேச்சு சமவெளிக் குடும்பங்களில் எழும்போதெல்லாம் பெங்களூர், கோயம்புத்தூர், குன்னூர், கொடைக்கானல் என்ற பெயர்களே முதலில் வருகின்றன. கத்திரி வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அஞ்சி ஊர் மாற நினைப்பவர் உண்மையில் எதைத் தேடுகிறார், அதை எந்தக் கருவியால் அளக்கலாம், அளந்தபின் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். இவற்றுக்கு வானிலையியல் ஒரு பகுதி விடையையே தருகிறது. மீதியை உடலியலும் கட்டடவியலும் உளவியலும் தருகின்றன.

இரு நகரங்களின் வேறுபாட்டுக்கு உடனே சொல்லப்படும் காரணம் உயரம். சென்னை கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடக்க, பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரப் பீடபூமியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே செல்லச் செல்லச் சூரியனுக்கு அருகே போவதால் சூடு கூடத்தானே வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்விதான். 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒன்றை நோக்கி ஒரு கிலோமீட்டர் ஏறுவதால் எதுவும் மாறுவதில்லை என்பது அதற்குரிய முதல் விடை. இரண்டாவது விடை, சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் ஊடுருவிச் சென்று தரையைச் சூடாக்குகிறது, தரையே பின்னர் தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்குகிறது என்பதில் இருக்கிறது. சூடான காற்று மேலெழும்போது அதன்மீதான அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் அது விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன்னிடமுள்ள வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் அது குளிர்கிறது. உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். ஈரக்காற்றில் நீராவி மேகத் துளிகளாக மாறும்போது வெப்பம் வெளிப்படுவதால் குளிர்ச்சி அதைவிடக் குறைவு. இரண்டும் கலந்த உலகச் சராசரி கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று கொள்ளப்படுகிறது. இதை வெப்பச்சரிவு வீதம் எனலாம்.

இந்த எண் வெறும் கணக்கில் பிறந்ததன்று. 1787இல் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறிய சுவிட்சர்லாந்து அறிஞர் சோசூர், உச்சிக்கு வெப்பமானிகளைச் சுமந்து சென்றதே அளப்பதற்காகத்தான். மலையின் தரை அளவைப் பாதிக்கும் என்ற ஐயம் எஞ்சியிருந்ததை 1804 செப்டம்பரில் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் தீர்த்துவைத்தார். பாரிஸிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் தனியாகக் கிளம்பிச் சுமார் 7000 மீட்டர் உயரம்வரை சென்ற அவருடைய வெப்பமானி, தரையின் கோடை வெப்பத்திலிருந்து படிப்படியாக இறங்கி, உறைநிலைக்குக் கீழே ஒன்பது டிகிரியையும் தாண்டிக் காட்டியது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே இருந்தும் 2850 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஈக்வடார் தலைநகர் கீட்டோ ஆண்டு முழுவதும் மிதமான குளிரில் இருப்பதும், சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் சனவரி விடியல்களில் உறைபனி விழுவதும் இதே விதியின் விளைவுகள்.

இந்த விதிப்படி பெங்களூர் சென்னையைவிட ஆண்டு முழுவதும் சீராக 6 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். மாதவாரி அட்டவணை அப்படிச் சொல்வதில்லை. சனவரியில் சென்னையின் சராசரிப் பகல் உச்சம் சுமார் 29 டிகிரி, பெங்களூரில் சுமார் 27 அல்லது 28. வேறுபாடு ஓரிரு டிகிரி அளவே. சூலையிலோ சென்னை 35ஐத் தாண்டி நிற்க, பெங்களூர் 28க்கு இறங்கிவிடுகிறது. வேறுபாடு ஏழு டிகிரிக்கும் மேல். பீடபூமியின் உயரம் மாதத்துக்கு மாதம் மாறாது என்பதால், இந்த ஏற்ற இறக்கத்துக்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும். அது தென்மேற்குப் பருவக்காற்று. சூன் முதல் அது கொண்டுவரும் மேகப் போர்வை பெங்களூரின் பகலை மூடி வெயிலைத் தடுக்கிறது; மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்ட அதே காற்று பீடபூமியிலிருந்து கிழக்குக் கரையை நோக்கி இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகி, சென்னையை மேலும் காய்ச்சுகிறது. அந்த மேற்குக் காற்று வலுவாக வீசும் நாட்களில் கடற்காற்று கரையேறத் தாமதமாகிறது. சென்னை 40 டிகிரியைக் கடக்கும் நாட்கள் பெரும்பாலும் அவையே. 2003 மே 31 அன்று நகரம் தொட்ட 45 டிகிரியே அங்கே பதிவான உச்சம். கேரளமும் கர்நாடகமும் மழையில் நனையும் சூனில் சென்னைக்காரர் இன்னும் கோடையிலேயே இருப்பது இதனால்தான். உயரத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்.

உயரமே இல்லாமலும் குளிர்ச்சி கிடைக்கும் என்பதற்குப் பெரு நாட்டின் லிமா நகரம் சான்று. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 12 டிகிரியில், கடலோரத்தில் உள்ள அந்நகரின் ஆண்டுச் சராசரி சுமார் 19 டிகிரிதான். கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த கடல் நீரோட்டம் அதைச் செய்கிறது.

காலநிலைகளை வகைப்படுத்தும் முறைகளில் இன்றும் பரவலாக ஆளப்படுவது, ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய விளாடிமிர் கோப்பென் 1884 முதல் பல பத்தாண்டுகள் செதுக்கிய முறை. கருவிகள் இல்லாத நிலங்களிலும் தாவரங்கள் இருக்கின்றன, எங்கே எது வளர்கிறது என்பதே அங்குள்ள வெப்பத்தையும் மழையையும் சேர்த்துப் பதிவு செய்த அளவுகோல் என்பது கோப்பெனின் அடிப்படைக் கருத்து. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் குறையாவிட்டால் அந்த நிலம் வெப்பமண்டல வகை. அந்த அளவுகோலின்படி சென்னையும் பெங்களூரும் ஒரே வகுப்பில், வெப்பமண்டலச் சவன்னாவில், போய் விழுகின்றன. தென்னைக்கு இரு ஊர்களும் ஒன்றே என்பது உண்மைதான்; ஆனால் தென்னை வேர்ப்பதும் இல்லை, இரவில் தூக்கம் வராமல் புரள்வதும் இல்லை. மனிதரின் இதத்தை அளக்க வேறு அளவுகோல் தேவைப்படுகிறது, அதற்கு மனித உடலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை இடைவிடாமல் உண்டாக்குகிறது. உட்பகுதி 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டுமாதலால், உண்டாகும் வெப்பம் முழுவதும் அவ்வப்போதே வெளியேற வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன: சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுப்பது, சுவர், கூரை, வானம் ஆகியவற்றை நோக்கிக் கதிர்வீச்சாக விடுவது, வியர்வையை ஆவியாக்குவது. காற்று தோலைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால் முதல் இரண்டு வழிகளே போதும். காற்றின் வெப்பநிலை தோலின் 34, 35 டிகிரியை நெருங்கும்போது அவை அடைபட்டுப்போக, மூன்றாவது வழி மட்டுமே மிஞ்சுகிறது.

அந்த மூன்றாவது வழி வேலை செய்யும் விதம் மண்பானையில் தண்ணீர் குளிரும் விதமேதான். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், ஓய்வாக இருக்கும் உடல் ஆறு மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அதனுடன் போய்விடும். மதுரையிலோ வேலூரிலோ ஏப்ரல் மாதக் காய்ந்த காற்றில் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், சென்னையில் ஐப்பசி அடைமழையின்போது அதே பானை பெயருக்குத்தான் குளிர்வதும் வீட்டில் இருப்பவர்கள் அறிந்ததே. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாதல் தடைபடுகிறது. பானையின் வெளிப்புறம் நனைந்தபடியே நிற்கிறது. புழுக்கம் என்பது உடல் அந்த நிலையில் இருப்பதுதான்: வியர்வை சுரக்கிறது, வழிகிறது, ஆனால் ஆவியாகாததால் குளிர்ச்சி தராமல் வீணாகிறது.

ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் வீசினால், ஆவியாதலால் அது எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கி நிற்கும். அங்கே காட்டும் எண் ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படுகிறது. பானையும் உடலும் ஆவியாதலால் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதன் எல்லை அதுவே. ஒரு பகலில் வேலூரில் 41 டிகிரியும் 25 விழுக்காடு ஈரப்பதமும், சென்னையில் 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாகக் கொண்டால், ஈரக்குமிழ் வெப்பநிலை வேலூரில் சுமார் 25 டிகிரி, சென்னையில் சுமார் 28.5 டிகிரி என்று வருகிறது. ஆறு டிகிரி குறைந்த ஊரில் கசகசப்பு கூடுதலாக இருப்பதன் விளக்கம் இந்த மூன்றரை டிகிரியில் அடங்கியிருக்கிறது. இதன் கடைக்கோடியில் ஆபத்தும் இருக்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா கிடக்கும் ஆரோக்கியமான உடலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று ஷெர்வுட், ஹியூபர் என்னும் ஆய்வாளர் இருவர் 2010இல் கணக்கிட்டுக் காட்டினர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வெப்ப அறையில் அமர்த்திச் செய்த சோதனைகளின் முடிவுகள் 2022இல் வெளிவந்தபோது, ஈரமான சூழலில் உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் போகும் புள்ளி ஏறத்தாழ 31 டிகிரியிலேயே வந்துவிடுவது தெரிந்தது.

கைப்பேசியில் வானிலை பார்த்து ஊரை எடைபோடுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே விழுக்காட்டில் தரப்படுவது ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற விகிதம். உதகையில் 90 விழுக்காடு என்று பார்த்துவிட்டுச் சென்னையின் 55 விழுக்காடே மேல் என்று முடிவு கட்டுவது எளிது. உதகையின் 15 டிகிரிக் காற்றில் 90 விழுக்காடு என்பது ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 அல்லது 12 கிராம் நீராவி. சென்னையின் 34 டிகிரிக் காற்றில் 55 விழுக்காடு என்பது 20 கிராமுக்கும் மேல். வெப்பக் காற்று கூடுதல் நீராவியைக் கொள்வதால் விழுக்காடு குறைவாகத் தெரிகிறது, அவ்வளவே. இந்தக் குழப்பம் இல்லாத அளவு பனிநிலை: காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ அந்த எண். பனிநிலை 24 டிகிரியைத் தாண்டிய இரவில் மின்விசிறி இருந்தும் பிசுபிசுப்பு தீராது. 16க்குக் கீழே இருந்தால் பகல் சற்றுச் சுட்டாலும் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் ஊரின் இயல்பை ஒரே எண்ணில் கேட்பவருக்குச் சராசரி வெப்பநிலையைவிடப் பனிநிலையைச் சொல்வதே நேர்மையானது.

கதிர்வீச்சைச் சாதாரண வெப்பமானி காட்டாது. அதற்காகக் கருப்பு பூசிய செப்புக் கோளத்தின் நடுவில் வெப்பமானியைப் பொருத்தி அளக்கிறார்கள். நாள் முழுவதும் வெயில் குடித்த காங்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே இரவில் படுப்பவர், காற்று தணிந்தபின்னும் கூரையிலிருந்து இறங்கும் அனலை உணர்கிறார். கோளம் அதைப் பதிவு செய்யும். வானிலை நிலையத்தின் வெப்பமானிக் கூண்டு பதிவு செய்யாது. காற்றோட்டத்தின் கணக்கும் இப்படியே இரண்டு பக்கம் கொண்டது. புழுக்கமான ஊரில் விசிறிக் காற்று இரண்டு மூன்று டிகிரி குறைந்ததற்கு ஈடான இதத்தைத் தருகிறது. 40 டிகிரிக்கு மேல் காயும் உள்மாவட்டத்தில் நண்பகல் காற்று தோலைவிடச் சூடானது என்பதால் உடலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஊர்களில் உச்சிவேளையில் சன்னல்களைச் சாத்திவைக்கும் பழக்கம் இதை அறிந்து வந்ததே.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே இதக்கணக்காக்க முயன்றவர்களில் பெயர்பெற்றவர் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர். தட்பவெப்பத்தை விரும்பியபடி மாற்றக்கூடிய அறைகளில் மனிதரை ஒரே மாதிரி உடையில் மணிக்கணக்கில் அமர்த்தி, கடுங்குளிர் முதல் கடும் வெப்பம்வரை ஏழு படிகளில் தங்கள் உணர்வைக் குறிக்கச் சொல்லி, அந்த வாக்குகளிலிருந்து 1970இல் வெப்ப இதம் பற்றிய தம் கோட்பாட்டை வெளியிட்டார். காற்றின் வெப்பநிலை, கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கோடு உடையையும் உடல் உழைப்பையும் சேர்த்து ஆறு காரணிகள் தெரிந்தால் போதும், எத்தனை பேருக்கு இதமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். மெல்லிய உடையில் உட்கார்ந்திருப்பவர் விரும்பும் வெப்பநிலை டேனியருக்கும் அமெரிக்கருக்கும் ஏறத்தாழ ஒன்றே, 26 டிகிரிக்குச் சற்றுக் கீழே, என்று அவருடைய சோதனைகள் காட்டின. மனிதர் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்பது அவர் கருத்து. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. எவ்வளவு கச்சிதமாக அறையைச் சரிசெய்தாலும் நூறில் ஐந்து பேர் குறை சொல்லவே செய்வார்கள். ஒரு வீட்டுக்குள் கணவருக்கும் மனைவிக்கும் மின்விசிறியின் வேகத்தில் தகராறு வருவதை இந்த ஐந்து விழுக்காடு ஓரளவு விளக்கும்.

எல்லோருக்கும் ஒரே 26 டிகிரி என்ற கூற்று ஆய்வறையை விட்டு வெளியே வந்ததும் தடுமாறியது. ஆய்வாளர் ஃபெர்கஸ் நிகோல், வட இந்தியாவின் ரூர்க்கியிலும் ஈராக்கின் பாக்தாதிலும் தங்கள் வழக்கமான இடங்களில் இருந்தவர்களிடம் எடுக்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் 30 டிகிரிக்கு மேலும் இதமாக இருப்பதாகச் சொல்லியிருந்தது தெரிந்தது. ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சர்மாவும் ஷராஃபத் அலியும் 1986இல் வகுத்த வெப்பமண்டலக் கோடைக் குறியீட்டின்படி இந்தியர்களுக்கு இதமான எல்லை 25 முதல் 30 வரை, நடுப்புள்ளி 27.5. ஐதராபாத் அடுக்குமாடி வீடுகளில் ஆய்வாளர் மாதவி இந்திராகண்டி நடத்திய கள ஆய்வில் நடுநிலை வெப்பநிலை, அதாவது குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை என்று மக்கள் சொன்ன அளவு, 29 டிகிரியைத் தாண்டியிருந்தது. சேலைத் தலைப்பை எப்படிப் போட்டுக்கொள்வது என்பதை மாற்றுவதன் மூலமே பெண்கள் தங்கள் உடலின் வெப்பக் காப்பைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறார்கள் என்பதை வெப்ப உருவபொம்மைக்குச் சேலை உடுத்திப் பிறகு அளந்தும் காட்டினார்கள்.

அகமதாபாத், பெங்களூர், சென்னை, தில்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் 6,000க்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்தியத் தகவமைவு இத மாதிரி இந்தச் சிதறல்களையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. குளிர்சாதனம் இல்லாத கட்டடங்களில் இருப்போர் விரும்பும் வெப்பநிலை நிலையானதன்று. கடந்த முப்பது நாள் வெளி வெப்பம் எப்படி இருந்ததோ அதைப் பின்தொடர்ந்து நகர்கிறது. வெளியே இரண்டு டிகிரி உயர்ந்தால் உள்ளே விரும்பும் அளவு ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்கிறது. வெளியே 20 ஆக இருந்த மாதத்தில் 23.6 இதமென்றால், 30 ஆக இருந்த மாதத்தில் 29 இதம். ஊரைத் தேர்ந்தெடுக்க முனைபவருக்கு இதன் பொருள் கூர்மையானது. விருப்பமான காலநிலை என்று ஒருவர் நினைத்திருப்பது, பெருமளவுக்கு, அவர் இப்போது வாழும் ஊர் அவருக்குள் எழுதிவைத்த எண். ஊர் மாறினால் அந்த எண்ணும் பாதி தூரம் கூடவே மாறும். குளிரூட்டிய அறைகளிலேயே நாளைக் கழிப்பவரிடம் இந்த நகர்வு மிகக் குறைவு. அவர் ஏறத்தாழ ஒரே எண்ணில் உறைந்துபோய்விடுகிறார் என்பது மாதிரியின் மறுபக்கம்.

உடலே மாறுகிறது என்பதற்குச் சான்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஆழத்தில் சூடும் ஈரமும் தாங்காமல் புதிய தொழிலாளர்கள் சுருண்டு விழுந்ததால், 1930கள் முதல் அவர்களைப் படிப்படியாகப் பழக்கும் முறைகள் அங்கே வகுக்கப்பட்டன. ஒன்றிரண்டு வாரப் பழக்கத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அளவில் கூடுகிறது, அதில் உப்பு குறைகிறது, குருதி நீர் பெருகுகிறது. வெப்பத்தை விட்டு விலகினால் சில வாரங்களில் இந்தத் தேர்ச்சி கரைந்தும் போகிறது. இதற்கும் அப்பால் ஓர் ஆழமான அடுக்கு உண்டு. ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ, வெப்பமண்டலத்தில் பிறந்து வளர்ந்த ஜப்பானியருக்குச் செயல்படும் வியர்வைச் சுரப்பிகள் கூடுதலாக இருப்பதையும், வளர்ந்தபின் அங்கே குடிபெயர்ந்தவருக்கு அந்த எண்ணிக்கை கூடாததையும் எண்ணிக் கண்டறிந்தார். சுரப்பிகளில் எத்தனை விழிக்கும் என்பது வாழ்வின் முதல் சில ஆண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது என்பது அவர் விளக்கம்.

மலை வாசத்தலங்களின் வரலாறு, சரியான இடத்தைத் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்த வரலாறாகவும் இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்தது. சமவெளியின் சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது, மலையில் காற்று தூய்மையானது என்பது அக்காலத்தின் மருத்துவ நம்பிக்கை. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டபின்தான் உண்மைக் காரணம் புலப்பட்டது: கொடிய வகை மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர்ச்சியடைய ஏறத்தாழ 18 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை, உதகையில் அது கிடைப்பதில்லை. ஓய்வுபெற்று மலையேறுபவர் எடைபோட வேண்டியது வேறு. 2240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் நான்கில் மூன்று பங்கு அளவே. ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறைகிறது. நுரையீரல் தளர்ந்தவருக்குச் சுமார் 15 டிகிரி குறைந்த வெயில் தரும் நன்மையை அது தின்றுவிடக்கூடும். புற ஊதாக் கதிர்வீச்சும் கிலோமீட்டருக்கு 10 விழுக்காட்டளவு கூடுகிறது. குளிர்ந்த காற்றில் தோல் கறுப்பது தெரியாமலே கறுக்கிறது.

நல்ல காலநிலைக்கு மனிதர் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று கேட்ட பொருளியலாளர்கள், அது வாடகையிலும் ஊதியத்திலும் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள்: இதமான ஊரில் வீட்டு வாடகை கூடுதலாகவும், அதே வேலைக்கு ஊதியம் ஒப்பளவில் குறைவாகவும் அமையப் பார்க்கும். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரம் 1950இல் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்களைக் கொண்டிருந்து 2020இல் 16 லட்சமாகப் பெருகியதை நீண்ட காலம் வெயிலின் ஈர்ப்பு என்றே எழுதிவந்தார்கள். மலிவான வீடுகளைத் தடையின்றிக் கட்ட முடிந்ததே பெரிய காரணம் என்று பொருளியலாளர் எட்வர்ட் கிளேசர் போன்றோர் வாதிட்டது ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரியைக் கடந்த ஊரை வெயிலுக்காக மட்டும் ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பதை நம்புவது கடினம். அங்கே மக்கள் வாழ்வது குளிர்சாதனத்துக்குள்.

உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. கலிஃபோர்னியாவிலும் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களிலும் படித்த ஏறத்தாழ 2,000 மாணவர்களிடம் தங்கள் வாழ்க்கை எவ்வளவு நிறைவாக உள்ளது என்று கேட்டபோது, இரு பகுதியினரும் ஒரே அளவைச் சொன்னார்கள். உங்களைப் போன்ற ஒருவர் மற்ற பகுதியில் வாழ்ந்தால் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, கலிஃபோர்னியாவில் இருப்பவரே மகிழ்ச்சியாக இருப்பார் என்று இரு பகுதியினரும் சொன்னார்கள். அந்தக் கணிப்பில் முன்னால் நின்றது காலநிலை. இரண்டு ஊர்களை ஒப்பிடும் கணத்தில் அவற்றுக்கிடையே பளிச்சென்று தெரியும் வேறுபாட்டின்மேல் மனம் குவிந்து, அன்றாட வாழ்வில் அதற்குள்ள பங்கை ஊதிப் பெரிதாக்குகிறது. இதைக் கவனக்குவிப்பு மயக்கம் எனலாம். மே மாதத்தில் கொடைக்கானலுக்கு நான்கு நாள் சென்று திரும்புபவர் வீட்டு மனை விலையை விசாரித்துவிட்டு வருவது இந்த மயக்கத்தின் உச்சத்தில். நவம்பர் மூடுபனியில் பத்து நாள் துணி காயாமல் கிடப்பதும், எந்த நேரத்தில் மருத்துவமனைக்கு மலையிறங்க வேண்டியிருக்கும் என்பதும் அந்தக் கணத்தில் கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் அட்டவணையில் எதைப் பார்ப்பது? ஆண்டுச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. மிக மோசமான இரண்டு மாதங்களின் பனிநிலையையும் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பார்ப்பது நல்லது. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சிறிது இறங்க வேண்டும். மே, சூன் மாதச் சென்னை இரவு 27 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும்போது பெங்களூர் இரவு 20, 22க்கு வந்துவிடுவதுதான், பகல் உச்சத்தைவிட, அந்த ஊரின் நற்பெயருக்குக் காரணம். இந்த எண்களும் நகர விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறுபடும். கட்டடங்கள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுவதால் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லூக் ஹாவர்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் அளந்து காட்டினார். இதமான ஊர் என்று மக்கள் வந்து குவியக் குவிய, ஏரிகளும் மரங்களும் கட்டடங்களாக, அந்த இதம் தன்னைத் தானே தின்கிறது. பெங்களூரின் உச்ச வெப்பப் பதிவான 39.2 டிகிரி 2016 ஏப்ரலில் வந்தது. மிகக் குறைந்த 7.8 டிகிரி 1884 சனவரியில் வந்தது.

அட்டவணைக்கே ஒரு தேதி உண்டு. ஓர் ஊரின் காலநிலை இயல்பு என்பது முப்பது ஆண்டுப் பதிவுகளின் சராசரி. 1935இல் வார்சாவில் கூடிய வானிலையாளர் மாநாடு 1901 முதல் 1930 வரையிலான காலத்தை முதல் அளவாகக் கொண்டது, இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலானது. அதன் நடுப்புள்ளி 2005ஐ ஒட்டி விழுகிறது. 2025இல் அறுபது வயதில் உதகையில் வீடு வாங்கி இருபத்தைந்து ஆண்டுகள் வாழப்போகிறவரின் வாழ்நாள் நடுப்புள்ளியோ 2037. உலகச் சராசரி இப்போது பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி உயர்ந்துவருகிறது. அந்த வேகத்தையே உதகைக்கும் வைத்துக்கொண்டால், இடைப்பட்ட முப்பது சொச்சம் ஆண்டுகளில் சுமார் 0.6 டிகிரி. கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பழைய கணக்கால் இதை வகுத்தால் 90 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அட்டவணையில் அச்சிட்டிருக்கும் உதகையில் வாழ விரும்புபவர் இப்போதுள்ள உதகையைவிட அவ்வளவு மேலே மனை தேட வேண்டும். அடுத்த தலைமுறை இன்னும் மேலே தேட வேண்டும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது, அதைச் சுற்றியிருப்பது காப்புக்காடு.